இதழ்களின் தரத்தை மாணவர் எடைபோடுதல்: கள்ளக்குறிச்சி வட்டாரப் பின்னணியில் ஒரு வரலாறு

இதழ்த் தர மதிப்பீடு என்பது ஒரு பருவ இதழை அதன் ஆசிரியர் குழு, செய்தி மூலம், எழுத்தின் நம்பகத்தன்மை, நோக்கம், வாசகர் ஆகியவற்றைக் கொண்டு எடைபோடும் பயிற்சி ஆகும். தமிழகக் கல்லூரிகளில் இளங்கலைத் தமிழ் மாணவருக்கு இது இதழியல் தாளின் ஒப்படைப்பாக வருகிறது. ஆய்வு மாணவருக்கோ, தம் கட்டுரையை எந்த இதழில் வெளியிட்டால் பட்டத்திற்கும் வேலைக்கும் செல்லும் என்ற நடைமுறைச் சிக்கலாக வருகிறது. மாணவர் செய்த மதிப்பீட்டை ஆசிரியர் எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பது இவ்விரண்டிலும் ஒளிந்திருக்கும் கேள்வி. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலாகவே சுடுகிறது. தவறான இதழில் பணம் கட்டிக் கட்டுரை வெளியிட்டால் இழப்பு அவர்களுக்குத்தான்.

அரசு எடைபோட்ட காலம்

தமிழில் முதல் பருவ இதழாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1831இல் சென்னையில் கிறித்தவ சமயத் துண்டறிக்கைச் சங்கம் வெளியிட்ட 'தமிழ் மேகசின்' ஆகும். அடுத்து வந்த இதழ்களில் கல்வி நோக்குடன் நடந்தவை பல. 1870இல் தொடங்கிய 'ஜநவிநோதினி' பள்ளி மாணவரையும் வாசகராகக் கருதி, அறிவியலையும் கதைகளையும் எளிய உரைநடையில் கொடுத்தது. மாணவர் கையில் இதழைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் தமிழில் நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. ஆனால் அந்த இதழ் நல்லதா என்று மாணவரையே கேட்கும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை.

இதழ்களை முறையாகவும் தொடர்ச்சியாகவும் மதிப்பிட்ட முதல் அமைப்பு காலனி அரசே. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களை ஒவ்வொரு வெளியீட்டிலும் கட்டாயமாக்கியது. அதற்கு அடுத்த பத்தாண்டில் சென்னை மாகாண அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்கு முதலிய நாட்டு மொழி இதழ்களைப் படித்து, அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் சுருக்கி, அரசு அலுவலர் மட்டும் பார்க்கும் அறிக்கைகளாகத் தந்துவந்தனர். இதழின் பெயர், வெளியாகும் ஊர், விற்பனைப் படிகள் ஆகியவை அதில் இருந்தன. 1878இன் நாட்டு மொழி இதழ்ச் சட்டத்திலிருந்து சென்னை மாகாணம் விலக்கப்பட்டிருந்தபோதும் கண்காணிப்பு நிற்கவில்லை. 1882இல் ஜி. சுப்பிரமணிய அய்யர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' இவ்வறிக்கைகளில் அடிக்கடி இடம்பெற்றது.

இவ்வறிக்கைகளின் ஒரே அளவுகோல் ஆட்சிக்கு ஆபத்தா இல்லையா என்பதே. தமிழ் நடையோ செய்தியின் உண்மையோ அவர்கள் கவலை அல்ல. ஆயினும் மூல இதழ்கள் பல அழிந்துவிட்ட நிலையில், அந்தக் காலத் தமிழ் இதழ்களைப் பற்றி ஆராயும் மாணவர் இன்றும் இந்தப் போலீஸ் பார்வையின் சுருக்கங்களையே நாட வேண்டியிருக்கிறது. சுருக்கத்தை மூலமாக எண்ணி மேற்கோள் காட்டும் பிழை ஆய்வேடுகளில் எளிதாக நுழைவது இதனால்தான்.

சங்க இதழ்களும் 'வரப்பெற்றோம்' பகுதியும்

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் இதழான 'செந்தமிழ்' 1902இல் இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. அச்சேறாத பழந்தமிழ் நூல்கள், கல்வெட்டுகள், பாட வேறுபாடுகள், புலவர் வரலாறுகள் என்று அது தனக்கென ஒரு தரத்தை வகுத்துக்கொண்டது. அதே சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளையும் நடத்தியது. ஆய்வு இதழை வெளியிடுவதும் மாணவரைத் தேர்வு செய்வதும் ஒரே கூரையின் கீழ் நடந்த அரிய காலம் அது. 1923இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி', 1925இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' என்று இந்த மரபு நீண்டது.

இன்று ஆய்விதழ்களுக்குக் கட்டாயம் எனப்படும் சக அறிஞர் மதிப்பாய்வு இவற்றில் முறைப்படி இருந்ததில்லை. அந்த வேலையை அடுத்த இதழ் செய்தது. ஓர் அறிஞர் ஒரு பாடத்தைத் திருத்தி வெளியிட்டால், மறுப்புக் கட்டுரை அதே இதழிலோ எதிர்முகாம் இதழிலோ வந்துவிடும். அதற்கு மறுமொழி, அதற்கு மறுப்பு என்று மாதக்கணக்கில் ஓடும். மறைவாக இருவர் படித்துக் கருத்துச் சொல்வதைவிட, ஊரறிய நடந்த இந்த வழக்காடல் பல சமயங்களில் கடுமையான சல்லடையாக இருந்தது. இதழ்களின் கடைசிப் பக்கங்களில் இருந்த 'வரப்பெற்றோம்', 'மதிப்புரை' பகுதிகளும் சிறு அளவில் இதே பணியைச் செய்தன. புதிதாக வந்த இதழ்களைப் பற்றி இரண்டு மூன்று வரியில் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அங்கே வளர்ந்தது. பெரும்பாலும் வாழ்த்துதான், சில வேளை ஊசியும் இருக்கும்.

படைப்பிலக்கியப் பக்கம் இதே விவாதம் வேறு குரலில் நடந்தது. 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி'க்கும் பெருவாசகர் இதழ்களுக்கும் இடையே இருந்த பூசல் தரம் பற்றியதே. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' விமர்சனத்தையே தன் முதல் வேலையாக வைத்துக்கொண்டது. விற்பனை எண்ணிக்கைக்கும் தரத்திற்கும் தொடர்பில்லை என்பது சிற்றிதழ் உலகின் அடிப்படை நம்பிக்கையாக ஆனது. அது சில நேரம், விற்காததே தரம் என்ற எதிர்முனை மூடநம்பிக்கையாகவும் மாறியதுண்டு. 1969இல் நா. வானமாமலை பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்ட 'ஆராய்ச்சி' இவ்விரு மரபுக்கும் நடுவே நின்றது. பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருந்துகொண்டு நாட்டார் வழக்காறு, சமூக வரலாறு ஆகியவற்றில் ஆய்வுத் தரத்தை அது காட்டியது. கல்வராயன், பச்சைமலை, சவ்வாதுமலை போன்ற மலைகளின் மக்கள் வழக்காறுகளைக் கல்விப்புலம் ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொண்டதில் இத்தகைய இதழ்களுக்குப் பங்குண்டு.

ஆய்வேடாக மாறிய இதழ்

1970களுக்குப் பின் ஆய்வியல் நிறைஞர் பட்டம் தமிழகப் பல்கலைக்கழகங்களில் பரவியது. ஓராண்டில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு எல்லை தெளிவான பொருள் தேவைப்பட்டது. ஓர் இதழின் ஓராண்டுத் தொகுப்பு அதற்கு வாகாக அமைந்தது. இதழின் பெயரை முன்னே போட்டு, பின்னே 'ஓர் ஆய்வு' சேர்த்துவிட்டால் தலைப்பு முடிந்தது. மா. சு. சம்பந்தன், அ. மா. சாமி போன்றோர் எழுதிய இதழியல் வரலாறுகளும், சிறுபத்திரிகைகள் பற்றி வல்லிக்கண்ணன் எழுதியவையும் இம்மாணவர்களுக்கு வழிகாட்டி நூல்களாயின.

இந்த ஆய்வேடுகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதல் இயல் இதழியலின் தோற்றமும் வளர்ச்சியும். இரண்டாவது, எடுத்துக்கொண்ட இதழின் அறிமுகம். பிறகு சிறுகதைகள், கவிதைகள், கட்டுரைகள், துணுக்குகள், விளம்பரங்கள் என்று தலைக்கு ஒரு இயல். ஆண்டில் எத்தனை கதை, அவற்றில் குடும்பக் கதை எத்தனை, சமூகக் கதை எத்தனை என்று எண்ணி அட்டவணை போட்டால் முடிவுரை தானாக வரும். எண்ணிக்கை பிழையின்றி இருக்கும். இதழ் நல்லதா, யாருக்கு நல்லது, எதை மறைத்தது என்ற கேள்வி மட்டும் எழுந்திருக்காது. இதழ் தேர்ந்தெடுக்கப்பட்டதே அதன் சிறப்பைக் காட்ட என்பதால், எதிர்மறை முடிவுக்கு வந்த ஆய்வேடுகள் அரிது. இது மாணவர் குறை மட்டுமன்று. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறநிலைத் தேர்வாளர் இயல் பகுப்பையும் அடிக்குறிப்பு வடிவத்தையும் கேட்பதே வழக்கமாக இருக்கும்போது, தீர்ப்புச் சொல்லிப் பகை தேடிக்கொள்ள எந்த நெறியாளரும் மாணவரைத் தூண்டமாட்டார்.

அப்படியிருந்தும் இந்த எண்ணிக்கை ஆய்வுகளுக்கு ஒரு பயன் இருக்கிறது. தொடர்ச்சியாகக் கிடைக்காத பல இதழ்களின் உள்ளடக்கம் இன்று இவ்வேடுகளின் பின்னிணைப்புகளில் மட்டுமே பார்க்கக் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குமுறை ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தியதோடு இந்த வகை எழுத்தின் காலமும் ஏறக்குறைய முடிந்தது.

கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கல்லூரிகளின் நிலை இதில் தனிக் கவனத்துக்கு உரியது. இப்பகுதி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பிறகு விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமானது. கல்லூரி இணைப்பும் இதுபோலவே கைமாறியது. சென்னைப் பல்கலைக்கழகத்திடமிருந்து 2002இல் நிறுவப்பட்ட வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும், 2021க்குப் பின் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் இணைப்பு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பாடத்திட்டமும் ஆய்வு விதிகளும் மாறும். எந்த இதழ் செல்லும், எது செல்லாது என்ற சுற்றறிக்கை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, அது பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பெரிய நகரத்து மாணவருக்குத் துறை முன்னவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவிடும் செய்தி, இங்கே அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிறது.

பட்டியல் வந்ததும் போனதும்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிப்பதற்கு முன் மதிப்பாய்வு உள்ள இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும் என்று மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறை விதித்தது. 2010இல் ஆசிரியர் பதவி உயர்வுக்கும் வெளியீடுகள் புள்ளிகளாக எண்ணப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஒரு சந்தையைத் திறந்துவிட்டன. கட்டுரை தேவைப்படுவோர் நாடெங்கும் பெருகினர். கட்டணம் வாங்கிக்கொண்டு சில நாட்களில் அச்சிட்டுத் தரும் இதழ்களும் பெருகின. தமிழில் இதன் உள்ளூர் வடிவம் கருத்தரங்கச் சிறப்பிதழ். கல்லூரியில் ஒரு நாள் கருத்தரங்கம், நூற்றுக்கணக்கில் கட்டுரைகள், அனைத்தும் ஓர் இதழின் சிறப்பிதழாக ஒரே கட்டில் வெளிவரும். அட்டையில் 'பன்னாட்டு' என்று இருக்கும்; ஆசிரியர் குழு மூன்று பேருந்து நிறுத்தங்களுக்குள் அடங்கிவிடும்.

இதைக் கட்டுப்படுத்த மானியக் குழு 2017இல் ஏற்பிசைவு பெற்ற இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் அதில் இருந்தன. பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்த இதழ்களும் சேர்க்கப்பட்டதால் களையும் பயிரும் கலந்தே வந்தன. 2018 மார்ச்சில் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் பூஷண் பட்வர்தனும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கட்டுரை இதை எண்களில் காட்டியது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பகுதியிலிருந்து 1,336 இதழ்களை எழுமானமாக எடுத்து, புகழ்பெற்ற பன்னாட்டுத் தரவுத்தளங்களில் உள்ள 327 இதழ்களை விலக்கி, மீதி 1,009 இதழ்களை அவர்கள் ஆராய்ந்தனர். முகவரி, இணையதளம், ஆசிரியர் பெயர் போன்ற அடிப்படைத் தகவலே இல்லாதவையும் தவறானவையும் 34.5 விழுக்காடு. பொய்யான தாக்கக் காரணி, தவறான பதிவெண் போன்ற பொய்த் தகவல் தந்தவை 52.3 விழுக்காடு. தரவுத்தளங்களில் இடம்பெறாத இதழ்களில் 88 விழுக்காட்டுக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அவ்வாண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

நீக்கப்பட்டவற்றில் நல்ல இதழ்களும் இருந்தன என்ற குறை நாடெங்கும் எழுந்தது. இதில் மொழி சார்ந்த ஒரு கோணல் உண்டு. இணையதளம், மின்னஞ்சல், ஆசிரியர் குழுவின் இணையப் பக்கம் ஆகியவற்றை வைத்துச் சோதித்தால், பத்தாண்டுகளாக ஒழுங்காக அச்சில் வரும், சந்தா கட்டியவருக்கு அஞ்சலில் போய்ச் சேரும் ஒரு தமிழ் இதழ் தோற்றுவிடும். நேற்றுத் தொடங்கி நான்கு பக்க இணையதளம் வைத்திருப்பது வென்றுவிடும்.

அடுத்து வந்தது 'கேர்' பட்டியல். 2018 இறுதியில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த இதைப் புனே சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழகத்தில் அமைந்த மையம் பராமரித்தது. தமிழ் இதழ்களும் அதில் இடம்பெற்றன. இடம்பெற்றதும் அவற்றின் அலுவலகங்களுக்குக் கட்டுரைகள் குவிந்தன. அதுவரை இலக்கிய வாசகருக்காக நடந்த இதழ்கள் திடீரென்று பதவி உயர்வுக் கட்டுரைகளின் வாசலாயின. 2022 ஒழுங்குமுறை முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமல்ல என்று தளர்த்தியது. 2025 பிப்ரவரியில் பட்டியலே கைவிடப்பட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வாளரிடமும் விடப்பட்டு, வழிகாட்டும் அளவுருக்கள் மட்டும் தரப்பட்டன. எட்டே ஆண்டுகளில் பட்டியலைப் பார் என்பதிலிருந்து நீயே பார் என்பதற்கு விதி வந்து சேர்ந்தது. பட்டியல் பார்த்தே பழகிய ஒரு தலைமுறை மாணவருக்கு எடைபோடும் பழக்கம் கற்பிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எட்டு இலக்கக் கணக்கு

மாணவர் ஒப்படைப்புகளில் மிக அதிகமாகக் காணப்படும் தவறான வாக்கியம், இவ்விதழ் ஐ.எஸ்.எஸ்.என். எண் பெற்றிருப்பதால் தரமானது என்பதாகும். அந்த எண் பருவ இதழுக்கு வழங்கப்படும் அடையாள எண். தரச் சான்று அன்று. 1970களில் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த இம்முறையில் சமையற்குறிப்பு இதழும் அணு இயற்பியல் இதழும் ஒரே மாதிரி எண் பெறும். வாகனப் பதிவெண் இருப்பதால் வண்டிக்கு பிரேக் இருக்கிறது என்று கொள்ள முடியாது.

ஆனால் எண் உண்மையானதா என்று பேனாவும் தாளும் கொண்டே ஓரளவு சோதிக்கலாம். எட்டு இலக்கங்களில் முதல் ஏழை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து மீதியை 11இலிருந்து கழித்தால் எட்டாவது இலக்கம் வர வேண்டும். கழித்த விடை 10 ஆனால் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும்; மீதியே இல்லையென்றால் 0. 'நேச்சர்' இதழின் எண் 0028-0836. பெருக்கிக் கூட்டினால் 12, 40, 24, 6 சேர்ந்து 82. அதை 11ஆல் வகுக்க மீதி 5. 11இல் 5 போக 6. கடைசி இலக்கம் பொருந்துகிறது. மனம்போன போக்கில் அச்சிட்ட போலி எண் இந்தக் கணக்கில் பெரும்பாலும் உடைந்துவிடும். வேறோர் இதழின் எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் கணக்கு சரியாக வரும். அப்போது எண்ணையும் பெயரையும் பன்னாட்டுப் பதிவேட்டில் ஒப்பிட வேண்டும். இணையம் விட்டுவிட்டு வரும் மலையூர் விடுதியிலும் முதல் பாதியைச் செய்துவிட முடியும் என்பதால், வகுப்பில் இது நல்ல பயிற்சி.

மாணவர் மதிப்பீட்டை மதிப்பிடுதல்

மேலை நாட்டு நூலகங்களில் மாணவருக்கு இதற்காகக் கேள்விப் பட்டியல்கள் கொடுக்கப்பட்டன. கலிபோர்னியாவின் சிகோ பல்கலைக்கழக நூலகர் சாரா பிளேக்ஸ்லி 2004இல் அமைத்த பட்டியல் இவற்றில் புகழ்பெற்றது. காலப்புதுமை, பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம் என்ற ஐந்து தலைப்புகள் அதில் உண்டு. தமிழகத்தில் இதழியல் தாளுக்குக் கொடுக்கப்படும் ஒப்படைப்பு வினாக்களும் ஏறக்குறைய இதே சாயல் கொண்டவை. மதிப்பெண் போடுவதற்கு இவை வசதி. ஐந்து தலைப்புக்கும் பதில் இருந்தால் முழு மதிப்பெண்.

வசதியே இதன் பலவீனமும் ஆயிற்று. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். வரலாற்றுப் பேராசிரியர் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர் 10 பேர், மாணவர் 25 பேர். பெயரில் ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையதளங்கள் காட்டப்பட்டன. ஒன்று பெரிய தொழில்முறைச் சங்கம், மற்றது அதிலிருந்து பிரிந்த சிறு கொள்கைக் குழு. மாணவரும் பேராசிரியர் சிலரும் அந்தப் பக்கத்தின் தோற்றத்தையும் மேற்கோள்களையும் அதே பக்கத்தில் மேலும் கீழும் படித்துப் பார்த்து ஏமாந்தனர். சரிபார்ப்பவர்களோ பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய், சில நிமிடங்களில் விடை கண்டனர். முனைவர் பட்டம் இந்த விஷயத்தில் காப்பாகவில்லை.

தமிழ் மாணவர் ஒப்படைப்புக்கு இதைப் பொருத்தினால், திருத்தும் முறையே மாற வேண்டியிருக்கிறது. இதழின் உட்பக்கத்தில் இதழே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை எடுத்தெழுதிய ஒப்படைப்பு, எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும், மதிப்பீடு ஆகாது. ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள பேராசிரியர் ஒருவருக்குத் தம் பெயர் அங்கே இருப்பது தெரியுமா என்று கேட்டு எழுதிய மாணவர் அரைப் பக்கமே எழுதியிருந்தாலும் மதிப்பீடு செய்திருக்கிறார். 'தரமானது', 'தரமற்றது' என்ற முடிவு ஆசிரியரின் முடிவோடு ஒத்திருக்கிறதா என்பதற்கு மதிப்பெண் போடுவது இன்னொரு பொறி. ஆசிரியர் தாமே அவ்விதழில் கட்டுரை எழுதியிருக்கக்கூடும். 25 மதிப்பெண் அகமதிப்பீடு ஆசிரியர் கையில் இருக்கும் அமைப்பில், ஆசிரியர் எழுதும் இதழை மாணவர் குறைசொல்வார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் கடினம். மாணவர் எழுதிய காரணத்துக்கும் சரிபார்த்த தடத்துக்கும் மட்டும் மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவிப்பதே இதில் மாணவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

கல்வராயன் மலை: கையருகே ஒரு சோதனைக்களம்

இந்தப் பயிற்சிக்குச் சென்னை மாணவரைவிடக் கல்வராயன் மலை மாணவர் வசதியான இடத்தில் இருக்கிறார். தம் ஊரைப் பற்றி இதழ்கள் எழுதியதை அவர் தம் வீட்டில் கேட்டே சரிபார்க்கலாம். எடுத்துக்காட்டாக, மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளி பழங்குடியினரின் பெயர். இது மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர் வழி மலையேறியவர்கள் என்ற அவர்களது மரபுக் கதையை 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பும் பதிவு செய்துள்ளது. கேரளத்தோடு இவர்களைத் தொடர்புபடுத்தும் கட்டுரை ஓர் இதழில் வந்திருந்தால், எழுதியவர் மலையேறவில்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மலையின் வரலாறும் இப்படிப்பட்ட உரைகல். கல்வராயன் மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. கிருஷ்ணதேவராயர் வழங்கியது என்பது மரபுச் செய்தி. 1976இல்தான் அரசு அதை முழுமையாக ஏற்றது. 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் தென்னார்க்காடு கெசட்டியரும் இம்மலையைப் பேசுகிறது. மரபுச் செய்தியை மரபுச் செய்தி என்றும், ஆவணத்தை ஆவணம் என்றும் பிரித்துச் சொல்லும் இதழ் எது, இரண்டையும் குழைத்து ஒரே மூச்சில் சொல்வது எது என்று மாணவர் பிரித்துப் பார்க்கலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழின் எல்லா இதழ்களும் அதை எழுதின. அப்போது கல்வராயன் மலை என்றாலே சாராயக் காடு என்ற ஒரு வரிச் சித்திரம் அட்டைப்படங்களில் வந்தது. மலையில் சாராயம் காய்ச்சப்பட்டது பொய்யன்று. ஆனால் மெத்தனால் தொழிற்சாலை ரசாயனம். வேலம்பட்டையும் வெல்லமும் ஊறப்போட்டு அடுப்பில் காய்ச்சி எடுக்கும் பொருளன்று. இந்த வேறுபாட்டைச் சொன்ன இதழ், சொல்லாத இதழ் என்று இரண்டு குவியலாகப் பிரிப்பதே ஒரு பருவத்துக்குப் போதிய ஒப்படைப்பு. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி அரசைக் கேட்டது. சாவுக்கு அட்டைப்படம் கொடுத்த இதழ்களில் எவை இந்த வழக்குக்கு ஒரு பக்கமாவது கொடுத்தன என்பது அடுத்த கேள்வி. வட்டார நூலகத்தின் பழைய இதழ்க் கட்டுகளிலேயே இதற்கு விடை தேடலாம்.

பள்ளி அளவில் இதற்கான விதை வேறு வழியாக வந்திருக்கிறது. தமிழக அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022இல் 4, 5ஆம் வகுப்பு மாணவருக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 'தேன்சிட்டு', ஆசிரியருக்குக் 'கனவு ஆசிரியர்' என மூன்று இதழ்களைத் தொடங்கியது. மாணவர் இதழ்களில் மாணவர் படைப்புகளும் இடம்பெறுகின்றன. இதழுக்கு எழுதி அனுப்பி, வருமா வராதா என்று காத்திருந்து, வந்தபின் தம் வரி எங்கே திருத்தப்பட்டது என்று பார்க்கும் ஒரு பிள்ளை, ஆசிரியர் குழு என்றால் என்ன என்பதைப் பாடநூல் இல்லாமலே புரிந்துகொள்கிறது.

பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பதிவுக்கு எதிரே தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்ற மாவட்டப் பெயர்களே இன்றும் இருக்கின்றன. அவற்றில் தென்னார்க்காடு என்றொரு மாவட்டம் 1993க்குப் பின் இல்லை. கள்ளக்குறிச்சி என்ற பெயர் அங்கே இல்லை. சாதிச் சான்றுக்காக வெள்ளிமலையிலுள்ள அலுவலகத்தில் நிற்கும் மாணவருக்கு இந்தப் பழைய பெயர் வாழ்வோடு ஒட்டியது. இம்மலை மக்களின் சலுகைகள் பற்றி எழுதும் ஓர் இதழ்க் கட்டுரை 'கள்ளக்குறிச்சி மாவட்டப் பழங்குடியினர் பட்டியல்' என்று ஒன்றைக் குறிப்பிட்டால், அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட அந்த மாணவரால் முடியும்.